இரண்டு கோடு உள்ள சித்தப்பா

1

கயல், குமரா, இதை நீங்கள் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து படிக்க வேண்டும். குமரனுக்குத் தமிழ் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வருகிறது. அதனால் கயல் சத்தமாக வாசிக்கட்டும், அவன் கேட்கட்டும். நடுவில் போனைப் பார்க்கக் கூடாது.

போன வாரம் கயலுக்கு வருடாந்திர ஸ்கேன் எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். டாக்டர் ஹெலன் கணினியில் நம் குடும்பப் படத்தைத் திறந்தார். கட்டம் என்றால் ஆண், வட்டம் என்றால் பெண். கறுப்பு அடித்திருந்தால் நோய் உள்ளவர். குறுக்கே கோடு இழுத்திருந்தால் இறந்துபோனவர். கயல் தன்னுடைய வட்டத்தைக் கண்டுபிடித்தாள், என்னுடைய கட்டத்தையும் கண்டுபிடித்தாள். என் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இன்னொரு கறுப்புக் கட்டம் இருந்தது. அதில் விரலை வைத்து, "அப்பா, இது யாரு? இவருக்கு மட்டும் மேலேருந்து ஏன் ரெண்டு லைன் வருது?" என்று கேட்டாள்.

"முருகேசன் சித்தப்பா" என்றேன்.

"சரி. ஏன் ரெண்டு லைன்?"

ஆங்கிலத்தில் அதைச் சொல்ல எனக்கு வராது. டாக்டர் எதிரில் தமிழில் சொல்லவும் மனம் வரவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்ததும், கயல், நீ ஹெட்போனை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாய். எனவே எழுதுகிறேன். அச்சன்புதூரில் நான் படித்த பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்கள் ஒரு மலர் போடுகிறார்கள், அதற்கும் ஒரு நகல் அனுப்பப் போகிறேன். முருகேசனிடம் கேட்டுவிட்டேன். "பேரையும் போடுண்ணே, ஆட்டோ நம்பரையும் சேத்துப் போடு, சவாரியாவது வரும்" என்றான். நம்பரைப் போடவில்லை.

2

நான் பிளஸ் டூ வரை படித்தவன். தென்காசியில் பம்ப்செட் மோட்டார் ரிப்பேர் கடையில் செம்புக் கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். உங்கம்மாவுக்கு நர்ஸ் வேலை கிடைத்து இந்த நாட்டுக்கு வந்தபோது, அவளுடைய விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தேன். முதல் இரண்டு வருடம் ஒரு ஹோட்டலில் வேலை. பிறகு பல்கலைக்கழகத்தில் மரபணு ஆய்வுத் துறையில் கண்ணாடிப் பாத்திரம் கழுவ ஆள் வேண்டும் என்றார்கள். போனேன், எடுத்துக்கொண்டார்கள்.

பள்ளிக்கூடப் படிவத்தில் அப்பாவின் வேலை என்ற இடத்தில் குமரன் 'சயின்ஸ்' என்று எழுதியதை நான் பார்த்தேன். பொய் இல்லை. ஆனால் கழுவுகிறார் என்றே நீ எழுதலாம், குமரா. எனக்கு அதில் குறைச்சல் கிடையாது. நம் வீட்டில் பாத்திரம் கழுவுவது போல அல்ல அது. சோப்பு ஒரு பொட்டு மிஞ்சினாலும் அதில் வளர்க்கும் செல் செத்துப்போகும். ஒருவருடைய ஒரு மாத ஆராய்ச்சி வீணாகும். அதனால் கடைசி அலசலை உப்பே இல்லாத தண்ணீரில் அலசி, மூடியில் டேப் ஒட்டி, ஆட்டோகிளேவில் வைத்து ஆவியில் வேகவைக்க வேண்டும். சூடு சரியாக ஏறினால்தான் டேப்பில் உள்ள கோடு கறுப்பாகும். டேப் கறுக்காத பாட்டில் ஒன்றுகூட என் கையிலிருந்து ஆய்வகத்துக்குப் போனது கிடையாது.

எங்கள் துறை வாசலில் உள்ள பலகையில் எபிஜெனிடிக்ஸ் என்று எழுதியிருக்கிறது. பல வருடம் அதன் கீழேதான் போய் வந்தேன். பொருள் தெரியாது, யாரிடமும் கேட்கவும் இல்லை. என் கழுத்தில் கட்டி வந்த பிறகுதான் தெரிந்தது.

3

முகம் மழிக்கும்போது தாடைக்குக் கீழே ஒரு கட்டி கையில் தட்டியது. வலியில்லை. என் அப்பாவுக்கும் அதே இடத்தில் இருந்தது. ஊரில் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். அப்பாவுக்கு அடிக்கடி நெஞ்சு படபடக்கும், வியர்த்துக் கொட்டும், நாற்றுக்கட்டைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிடுவார். கொஞ்ச நேரத்தில் எழுந்து வேலையைப் பார்ப்பார். ஒருநாள் உட்கார்ந்தவர் எழவில்லை.

உங்கம்மாதான் என்னைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். ஒன்று மாற்றி ஒன்றாகச் சோதனை செய்து, கடைசியில் மரபணுப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே உட்கார்ந்திருந்தது எங்கள் துறை டாக்டர் ஹெலன். வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரி, மூன்று நாள் ஆய்வகம். நான் கழுவிய பாட்டிலில்தான் அவருடைய செல்கள் வளர்கின்றன. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கை கொடுத்தார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். நம் குடும்பத்தில் ஒரு மரபணுவில் பிழை இருக்கிறது. அது பிள்ளைக்கு வரலாம், வராமலும் போகலாம். ஆனால் வந்தாலும் எல்லோருக்கும் கட்டி வராது. அப்பா வழியாக வந்தால் வேலையைக் காட்டும். அம்மா வழியாக வந்தால் பெரும்பாலும் சும்மா கிடக்கும். அதே பிழை, அதே எழுத்து. நம் ஊர் வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வயலுக்கும் ஒரே தண்ணீர்தான். ஒன்றுக்கு மடை திறந்திருக்கிறது, ஒன்றுக்கு அடைத்திருக்கிறது. அந்த மடையை யார் திறக்கிறார்கள், யார் அடைக்கிறார்கள் என்று தேடுவதுதான் அந்தப் பலகையில் எழுதியிருக்கும் படிப்பு. ஏன் இப்படி என்று முழுதாக இன்னும் தெரியாது, அதனால்தான் உங்களைப் போன்ற குடும்பம் எங்களுக்கு வேண்டும் என்றார்.

கயல், உனக்கு என்னிடமிருந்து வந்தது. குமரனுக்கு வரவில்லை. உன்னிடமிருந்து உன் பிள்ளைக்குப் போனால் அநேகமாக உறங்கிவிடும். உன்னைப் பற்றிப் பயம் வரும்போதெல்லாம் நான் அதை நினைத்துக்கொள்வேன்.

அன்றைக்கு முதல் வேலை குடும்பப் படம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள். எனக்கு இங்கிலீஷ் தெரியும், வேண்டாம் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

"உங்களுக்குச் சகோதர சகோதரிகள் எத்தனை பேர்?"

"எட்டுப் பேர்."

டாக்டர் எட்டு வட்டம், கட்டம் போட்டார். "உங்கள் அம்மாவுக்கு ஒன்பது பிள்ளைகளா?"

"இல்லை மேடம். அம்மாவுக்கு ரெண்டே ரெண்டு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியானால் இந்த எட்டுப் பேர்?"

"எல்லாரும் அண்ணன், தம்பி, அக்கா, தங்கச்சி. சித்தப்பா பிள்ளைகள் நாலு, சின்னம்மா பிள்ளைகள் ரெண்டு, பெரியம்மா மகன் ஒண்ணு, எங்க அக்கா ஒண்ணு."

"அவர்கள் கசின்ஸ் அல்லவா?"

"கசின் கிடையாது மேடம். கசின் என்றால் கட்டிக்கொள்ளலாம். இவர்களைக் கட்ட முடியாது. அதனால் கூடப்பிறந்த மாதிரி."

டாக்டர் சிரித்துவிட்டார், ஆனால் அதையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டார். அதே அப்பா, அதே அம்மா, அவர்கள் மட்டும் போதும் என்றார். சரி என்று நானே பேனாவை வாங்கி ஒவ்வொன்றாக அடித்தேன். சித்தப்பா பிள்ளைகளை அடித்தேன். சின்னம்மா பிள்ளைகளை அடித்தேன். பெரியம்மா மகன் முருகேசனையும் அடித்தேன். சொர்ணம் அக்கா மட்டும் மிஞ்சினாள்.

அவரையும் சோதிக்கச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். ஏதாவது ஆபரேஷன் என்றால் அதற்கு முன்னால் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கட்டி உடம்புக்குள் இருப்பது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால், ரத்த அழுத்தம் எகிறி மேசையிலேயே உயிர் போகலாம். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

4

இரண்டு நாள் கழித்து பஸ்ஸில் போகும்போது முருகேசனிடமிருந்து போனில் குரல் செய்தி வந்தது. அவன் குற்றாலத்தில் ஆட்டோ ஓட்டுகிறான், தென்காசி ஸ்டேஷனுக்கும் ஐந்தருவிக்குமாக. சீசன் நேரம். பின்னால் அருவிச் சத்தமும் ஹாரன் சத்தமும்.

"அண்ணே, நல்லாருக்கியா? குடலிறக்கம்னு ஆபரேசன் பண்ணணுமாம். சீசன் முடியட்டும்னு சொல்லியிருக்கேன், அடுத்த மாசம் தென்காசில வச்சுப் பண்ணுதாங்க. வேற ஒண்ணும் இல்ல. நெஞ்சுதான் அப்பப்போ படபடன்னு அடிக்கி, வேர்த்து ஊத்துது. டீயைக் கொறன்னு சொல்லுதாவ. பிள்ளைகளைக் கேட்டதாச் சொல்லு."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். அது என் நிறுத்தம் இல்லை.

பிள்ளைகளே, அந்தப் படத்தில் நான் அடித்தது என் கூடப்பிறந்த தம்பியை.

எனக்கு ஆறு வயது. அம்மாவுக்குத் தம்பி பிறந்து மூன்று மாதம். குற்றாலத்தில் இருந்த பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. அம்மா, தம்பியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள், வரும்போது கை வெறுமையாக வந்தாள். அதன் பிறகு கொஞ்ச நாள் அம்மாவின் சேலை மார்புப் பக்கம் நனைந்தே இருக்கும். என்னம்மா ஈரம் என்று கேட்டேன். "தண்ணி கொட்டிட்டு" என்றாள். பிறகு என்னையும் அக்காவையும் நிறுத்தி வைத்துச் சொன்னாள். "இனி அவன் பெரியம்மா பிள்ளை. யாரு கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும். வீட்டுக்குள்ளயும் அப்படித்தான்."

அப்படியே சொன்னோம். அப்பா சாகும்வரை, அம்மா சாகும்வரை. ரேஷன் கார்டில், கல்யாணப் பத்திரிகையில், எல்லாவற்றிலும். ஒரு பொய்யை இத்தனை வருடம் சொன்னால் கைக்கே அது பழகிவிடும்போல. உண்மையைத் தவிர வேறு எதுவும் கேட்காத இடத்தில், பேனாவை வாங்கி நானே அவனை அடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

சொர்ணம் அக்காவுக்குப் போன் போட்டேன். அக்கா தென்காசியில்தான் இருக்கிறாள்.

"ஏலே, உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்றாள். "பெரியம்மா உசுரோட இருக்கும்போது அதைப் பேசலாமா? அவ தாங்குவாளா?"

"பேசலேன்னா முருகேசன் தாங்க மாட்டாங்க்கா. மேசையிலேயே போயிருவான்."

அக்கா ஒரு வழியாக இறங்கி வந்தாள். "அவன்கிட்ட மட்டும் பக்குவமாச் சொல்லு" என்றாள்.

பக்குவம் எங்கே இருந்து வரும்? முருகேசனைக் கூப்பிட்டு, "ஏலே முருகா, வண்டியை ஓரமா நிறுத்து, ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"நிறுத்திட்டேன், சொல்லு."

"நீ பெரியம்மா பெத்த பிள்ளை இல்லலே."

"இதுக்கா நிறுத்தச் சொன்ன? சவாரி போச்சேண்ணே" என்றான். "எனக்கு எட்டாப்பு படிக்கும்போதே தெரியும். நாம ரெண்டு பேரும் மெயின் அருவில எண்ணெய் தேச்சுக் குளிச்சோம்லா? தேச்சு விட்டவரு சொன்னாரு, ரெண்டு முதுகும் ஒரே அச்சு, ஒரு வயித்துப் பிள்ளைகளாடேன்னு. நீ உடனே இல்லேன்னு கத்துன. அந்தக் கத்துலதான் எனக்குத் தெரிஞ்சுது."

எனக்கு அழுகையும் சிரிப்பும் வந்தது. நோயைப் பற்றி எல்லாம் சொன்னேன், டாக்டர் ஒரு கடிதம் கொடுப்பார், அதைக் காட்டிச் சோதனை செய்துகொண்டு பிறகு ஆபரேஷனுக்குப் போ என்றேன். கேட்டுக்கொண்டவன் கடைசியில் முடியாது என்றான்.

"லெட்டர்ல உன் தம்பின்னு போடுவாங்கள்லா? அது வேண்டாம். எனக்கு அம்மா ஒருத்திதான். அவளை வெட்டிட்டு வேற இடத்துல என்னை ஒட்டவச்சு எழுதுன காயிதத்தை நான் தூக்கிட்டுப் போக மாட்டேன். வாரது வரட்டும்."

போனை வைத்துவிட்டான்.

5

மறுநாள் கழுவ வேண்டிய பாட்டில்களை அப்படியே வைத்துவிட்டு டாக்டர் ஹெலன் அறைக் கதவைத் தட்டினேன். மேடம், அன்றைக்குத் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஆரம்பித்தேன். எனக்கு வந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவின் ஈரச் சேலையையும் சொன்னேன், அது எதற்கென்று தெரியவில்லை. அவர் முழுதும் கேட்டார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து முருகேசனுக்கு ஒரு கட்டம் போட்டார். அதன் இரண்டு பக்கமும் அடைப்புக்குறி போட்டார். என் அம்மா அப்பாவிடமிருந்து அவனுக்கு ஒரு முழுக்கோடு இழுத்தார். பெரியம்மாவிடமிருந்து விட்டுவிட்டு ஒரு கோடு, துண்டு துண்டாக இழுத்தார்.

"இப்படி எழுதுவதற்கு எங்களிடம் முறை இருக்கிறது. உலகம் முழுக்க இதே முறைதான்" என்றார். "வளர்த்தவரை நாங்கள் விட்டுவிடுவதில்லை."

அந்தத் தாளைப் படம் பிடித்து, டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு முருகேசனுக்கு அனுப்பினேன். அதன் பிறகு நடந்ததை அவன்தான் எனக்குச் சொன்னான்.

வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டுப் போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தானாம். பெரியம்மா பின்னால் வந்து நின்றிருக்கிறாள். எண்பது வயது தாண்டினாலும் கண்ணில் மட்டும் ஒரு குறையும் இல்லை.

"அது என்னலே கட்டங் கட்டமா, ஜாதகமா?"

"அண்ணன் அனுப்புனது, அங்க உள்ள டாக்டரம்மா போட்டது. நம்ம குடும்பமாம்."

"நான் எங்கன இருக்கேன்?"

வட்டத்தைக் காட்டியிருக்கிறான்.

"கீழ இருக்க கட்டம் நீயா? எனக்கும் உனக்கும் நடுவுல என்ன கோடு விட்டுவிட்டுப் போவுது? மை தீந்துபோச்சா அந்த வெள்ளைக்காரிக்கு?"

பெரியம்மா முழுக்கோட்டின் மேலே விரலை ஓட்டிக்கொண்டே போயிருக்கிறாள். அது போய் நின்ற வட்டத்தில் குறுக்குக்கோடு இருந்தது.

"இது என் தங்கச்சி."

"ம்."

"உனக்கு எப்பத்துலருந்துலே தெரியும்?"

"எட்டாப்பு."

"அடக் கள்ளப்பயலே. இத்தன வருசமா ஒரு வார்த்த சொன்னியா?" என்று அவன் முதுகில் ஒன்று வைத்திருக்கிறாள். பிறகு பக்கத்திலேயே உட்கார்ந்து, எதற்கு இந்தப் படம் என்று கேட்டிருக்கிறாள். ஆபரேஷன் விஷயம் முழுவதையும் கேட்டு முடித்ததும், "நாளைக்கே போவோம். நானும் வாரேன்" என்று சொல்லிவிட்டாள்.

தென்காசியில் அந்த ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் இருந்த பெண், டாக்டர் ஹெலன் கடிதத்தையும் ஆதார் கார்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாளாம். "லெட்டர்ல கூடப்பிறந்த தம்பின்னு போட்டிருக்கு. ஆதார்ல அப்பா பேரு வேறயா இருக்கே சார்? உறவுன்னு எதை எழுத?"

பக்கத்தில் நின்ற பெரியம்மா கவுன்ட்டரில் கையை ஊன்றிக்கொண்டு, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாளாம்:

"எழுதிக்கோ தாயி. பெத்தவ என் தங்கச்சி. வளத்தவ நான். ரெண்டையும் எழுது. இடம் பத்தலேன்னா பின்பக்கத்துல எழுது."

அந்தப் பெண் பின்பக்கத்தில்தான் எழுதினாளாம்.

ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பினார்கள். அதே பிழை இருந்தது. ஸ்கேனில் வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டி. குடலிறக்க ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்கள். சில வாரம் மாத்திரை கொடுத்து ரத்த அழுத்தத்தைப் படிய வைத்து, பிறகு திருநெல்வேலியில் வைத்துக் கட்டியை எடுத்தார்கள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, இது இல்லாமல் இவரை மேசையில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லித் தலையை ஆட்டினாராம். இப்போது முருகேசன் பழையபடி ஆட்டோ ஓட்டுகிறான், டீயும் குடிக்கிறான். அவன் மகள் இசக்கியும் உன்னைப் போல வருடத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்குப் போகிறாள், கயல். நீ அவளோடு பேச வேண்டும். அவளுக்கு இங்கிலீஷ் நன்றாகவே வரும், உனக்குத்தான் தமிழ் இழுக்கும்.

6

எனக்குப் பெருமையாக இருக்கிறது, மறைக்கவில்லை. ஒரு கடிதத்தால் என் தம்பி உயிரோடு இருக்கிறான். அந்தக் கடிதம் எழுத உதவிய ஆய்வகத்தில் நானும் ஒரு வேலை செய்கிறேன். மரபணுவைப் படிக்கிறவர்கள் பெரிய படிப்பாளிகள். அவர்கள் யாரும் அன்றைக்கு, உனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று என்னைப் பார்க்கவில்லை. நீங்கள் வந்து சொன்னதால்தான் படம் சரியாயிற்று என்று டாக்டர் ஹெலன் அவருடைய மாணவர்கள் முன்னால் சொன்னார். புதிதாக வருகிற மாணவர்களுக்கு இப்போது, சில நாட்டுக்காரர்களிடம் சகோதரர்கள் யார் என்று இரண்டு முறை கேளுங்கள் என்று சொல்லிக்கொடுக்கிறாராம்.

கயல், மரபணுப் படிப்புக்கே விண்ணப்பிக்கப் போவதாகச் சொல்கிறாய். படி. ஒரு குடும்பத்தைத் தாளில் வரையும்போது, அதில் ஒரு கோடு போடுவதற்கு யாரோ ஒருவர் எவ்வளவு கஷ்டப்பட்டுச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொள். குமரா, உன் பள்ளிக்கூடத்தில் 'அங்கிள்' என்ற ஒரே சொல்லில் எல்லோரையும் அடைத்துவிடுகிறார்கள். முருகேசன் அங்கிள் இல்லை, சித்தப்பா. அப்பா கூடப்பிறந்தவர்.

எங்கள் துறையில் ஒரு கூட்டத்துக்காக நம் குடும்பப் படத்தைப் பெரிய தாளில் அச்சடித்து, தாழ்வாரச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். பெயர் எதுவும் கிடையாது, எண் மட்டும். அதற்குச் சம்மதித்து நானும் சித்தப்பாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். நேற்று வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு அந்தப் பக்கமாக வந்தேன். குறுக்கே கோடு இழுத்த கட்டத்தில் அப்பா, அதற்குப் பக்கத்து வட்டத்தில் அம்மா, கொஞ்சம் தள்ளி உயிரோடு பெரியம்மா, நடுவில் அடைப்புக்குறிக்குள் அவன். ஆய்வகக் கட்டடத்தில் யாரும் வெறுங்காலோடு நிற்கக் கூடாது என்பது விதி. இரண்டு பக்கமும் பார்த்தேன், யாரும் இல்லை. குனிந்து ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பிறகு மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு வந்தேன்.